ஏழாம் கிணற்றுப் பூதம்

கிணறு ஏழு. எட்டு இல்லை, ஏழு. டி.வி.யின் இடது மூலையில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் வந்து நின்றதும் ருக்குமணியின் வயிற்றுக்குள் கயிறு நழுவிய வாளி ஒன்று தடதடவென்று கீழே போயிற்று, தண்ணீரில் விழுந்த சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு ஆழம். இந்த விளையாட்டை எட்டாந்தரம் திருத்தின எட்டைத்தானே போட்டுக் காட்டுவதாகப் பேச்சு. எட்டு நல்ல பிள்ளை, திருநீறு பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எட்டில் கிணற்றுக்குள்ளிருந்து பூதம் எழும்பி வரும்போது உடுக்கை அடிக்கிற மாதிரி ஒரு மெட்டு, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஏழில் பூதம் வரும்போது மொதலாளியின் குரல் வரும். அந்த மொதலாளி நஞ்சப்பன் இதோ அவள் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி மர நாற்காலியில், வெள்ளை வேட்டியும் பவுடர் வாசமுமாக, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முகூர்த்த நேரம் பார்க்கிற பெரியவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ‘ஆறு நிமிசமா தம்பி?’ ‘ஆறுங்க சார்,’ என்றான் ஷாகுல், புரோகிராம் எழுதியவன், அவளைப் போலவே அந்த ஏழு என்பதைப் பார்த்துவிட்டவன், பார்த்த நொடியே முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டவன். ஆறு நிமிடம். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் ஒரு விளையாட்டு ஏற அவ்வளவு ஆகும். டேப்ரெக்கார்டர் கீய்ய்ய் என்று கத்தும், கம்ப்யூட்டர் அந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்யும், நடுவில் எவன் பட்டனைத் தொட்டாலும் எல்லாம் மறந்துபோய் மறுபடி அ, ஆ. நேற்று இரண்டு தரம் அப்படி ஆகி இரண்டு தரமும் மொதலாளி ஆறின காப்பியைக் குடித்தார். ‘இன்னைக்கு எவனும் கை வெக்கப்படாது, சொல்லிப்போட்டேன். மத்தியான வண்டிக்கு நானே மெட்ராசுக்கு எடுத்துட்டுப் போறேன், அங்க இத வெச்சு ஆயிரங் கேசட்டு போடறாங்க. அதுக்கு முன்னால என்ற கண்ணால பாத்து, என்ற காதால கேட்டுப்போடோணும்.’ காதால. கண்ணோடு நிறுத்தியிருக்கலாம்.

தப்பு யார் தலையில் என்று பார்த்தால் சுற்றிச்சுற்றி அவள் தலைக்கே வருகிறது. கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், பல்லை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தின்மேல் வேறெதையும் பதிய முடியாது. இந்த மாடி அறையில் அதுதான் சட்டம்: பல் போன பக்கம் முடிந்த சரக்கு, பல் உள்ள பக்கம் இன்னும் கை பார்க்க வேண்டிய சரக்கு. பேர் எழுதி ஒட்டுகிற பழக்கமே கிடையாது, ஷாகுல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே எடுத்துப் போடுவான். போன மாதம் ஏழாம் கிணற்றுப் பூதத்தைக் கேட்டு இரண்டு பேரும் மேசைக்கு அடியில் போய்ச் சிரித்த அன்று, இது அழிந்துபோகக் கூடாது, சூரிய சந்திரர் உள்ளவரை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஊக்கால் நெம்பி அந்தப் பக்கத்தின் பல்லை உடைத்தவள் யார், ருக்குமணி. மறுபக்கத்தில் எட்டைப் பதிந்தபின் அதன் பல்லை உடைக்க மறந்தவள் யார், அதே ருக்குமணி. இன்று காலை ஷாகுல் தடவினான், பல் இல்லாத பக்கத்தைப் போட்டான். சட்டப்படி சரி. கோர்ட்டுக்குப் போனாலும் அவன்தான் ஜெயிப்பான்.

திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நடுங்க ஆரம்பித்தன. படம் ஏறுகிறது. மேலே முதல் கோடு, ஒரு விரற்கடை விட்டு இன்னொரு கோடு, சீப்புப் பல் மாதிரி. அதுதான் கிணற்றின் உருளை, பொறுத்திருந்தால் கயிறும் வரும். இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். ஆர்மோனியத்தில் ஐந்து விரலோடு ஓடிப் பழகினவளுக்கு இது திருவிழாக் கடையில் வாங்கின பீப்பி. அதையும் வாசிக்க முடியாது, எண்ணாக எழுத வேண்டும்: எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம், கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக, அம்மா பார்த்துவிட்டுக் கணக்குப் பரீட்சையா என்று கேட்டாள். பூதத்துக்கு மட்டும் பதினோரு மெட்டு எழுதினாள். எல்லாம் கொசு. பயங்கரமான கொசு, சோகமான கொசு, பக்திமயமான கொசு. பன்னிரண்டாவதற்குப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கீழே மொதலாளி போனில் யாரையோ பிடித்தார். ‘அதாவதுங்க.’ அ, தா, வ, மூன்றும் தரையோடு தரை, துங், ஒரு தாவல், க, கூரையில். அப்புறம் ஒரு நிறுத்தம், எதிராளி எச்சில் விழுங்கிக்கொள்ளட்டும் என்று. ‘நா என்ன சொல்றன்னா’, இது மாடிப்படி ஏறுவது, படிப்படியாக, செருப்புச் சத்தத்தோடு. பிறகு ‘புரியுதுங்களா’, உச்சியிலிருந்து ஒரே விழுக்காடாகப் பாதாளத்துக்கு. அந்தப் பக்கம் கேட்டவனுக்குப் புரிந்திருக்கும், புரியாமல் எங்கே போவான். ருக்குமணிக்கும் ஒன்று புரிந்தது: மனுசனும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே பேசுகிறான், ஐந்து விரல் எதற்கு. அவர் பேசப் பேச இவள் எண் எழுதினாள், சாயங்காலம் ஷாகுல் தட்டி ஏற்றினான், கிணற்றுக்குள்ளிருந்து பச்சைப் பூதம் வந்தது. ஒரு வார்த்தை கிடையாது, வெறும் பீப். ஆனாலும் இரண்டு பேரும் தங்களையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஷாகுல் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டான்.

‘ஒண்ணரை நிமிசம்,’ என்றார் மொதலாளி. நல்ல மனுசன். அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் இந்த நடுக்கமே இல்லை, கண்டுபிடி, கத்து, போ என்று விட்டுவிடலாம். ஸ்டெபிலைசர் செய்து செய்து கோயமுத்தூரில் பாதி வீட்டு பிரிட்ஜைக் காப்பாற்றினவர், இனிமேல் கம்ப்யூட்டர்தான் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்து மாடியில் இந்த அறையைத் திறந்தவர், பாலிடெக்னிக்கை முடிக்காத பதினெட்டு வயதுப் பெண் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது ஒரு கேள்விகூடக் கேட்காமல் ‘மாரப்பன் புள்ளையா, அப்ப மேசை போட்டுக் குடுங்கப்பா’ என்றவர். மாரப்பன் புள்ளை. இருபத்திரண்டு வருசமாகக் கீழே ஸ்டெபிலைசருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற மாரப்பன், தாமதமாக வந்ததில்லை, எதிர்த்துப் பேசினதில்லை, இரண்டு நாளுக்குமேல் லீவு எடுத்ததில்லை, அந்த மாரப்பன். பூதம் வாயைத் திறந்ததும் மொதலாளி இவளைக் கூப்பிட மாட்டார். மாடிப்படிக்குப் போய் எட்டிப் பார்த்து ‘மாரப்பா’ என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கூப்பாட்டில் அப்பாவின் இருபத்திரண்டு வருசமும் அறுந்து விழும், அப்பா ஏனுங்க என்றுகூடக் கேட்காமல் திருப்புளியைத் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு சைக்கிளை எடுப்பார். எடுப்பார், ஏற மாட்டார், தள்ளிக்கொண்டுதான் வருவார், அவளுக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்து நின்று, ஹெச்.எம். பிலோமினா டீச்சர் குரலில், மூக்கால், ‘இன்று பிற்பகல் விடுமுறை, மாணவிகள் வரிசையாகக் கலைந்து செல்லவும்’ என்று சொன்னாள். அறுநூறு பேர் வரிசையாகக் கலைந்து சென்றார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். இரண்டு டீச்சர்கள் பஸ்ஸே ஏறிவிட்டார்கள். மறுநாள் அப்பா வந்து பிலோமினா டீச்சர் முன்னால் கை கட்டி நின்றார், டீச்சர் மூக்கால் முக்கால் மணி நேரம் பேசினார், அப்பா சரிங்க, சரிங்க, சரிங்க. திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறவில்லை. கணபதியில் இருக்கிற வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார், இவள் பின்னால் நடந்தாள், அப்பாவின் முதுகில் வேர்வை ஒரு தேசப்படம் மாதிரிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே. ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அந்தத் திட்டை ராத்திரியே தங்கச்சிக்குச் செய்து காட்டியிருப்பாள்.

கிணற்றின் சுவர் வந்துவிட்டது, பாசி வந்துவிட்டது. கெட்டுப் போ, என்று ருக்குமணி டேப்ரெக்கார்டரைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள். தினமும் கெட்டுப் போகிற சனியனே, இன்னைக்கும் கெட்டுப் போ. வழக்கமாக இது எதற்கெல்லாம் கெடும்: வால்யூம் ஏழுக்குப் பதில் ஏழரை இருந்தால், கேசட்டில் கைரேகை பட்டால், எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்தால், ஷாகுல் தும்மினால். அவள் ஷாகுலைப் பார்த்தாள், தும்முண்ணா என்று கண்ணால் சொன்னாள். ஷாகுல் மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தான், தும்மல் எங்கிருந்து வரும். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. அப்போதுதான் கடவுள் கண்ணைத் திறந்தார்: பின்தெரு ரைஸ் மில் ஓட ஆரம்பித்தது. அது ஓடினால் தெருவுக்கே கரண்டு பஞ்சம். மேலே சுற்றின ஃபேன் தயங்கிற்று, டியூப்லைட் கண்ணடித்தது, கீய்ய்ய் என்ற சத்தம் இத்தினிக்கூண்டு கீழே இறங்கிற்று, இறங்கு, இறங்கு, இன்னும் இறங்கு தங்கம், விழுந்துடு. டக். மேசைக்கு அடியில் ஸ்டெபிலைசர். டக், டக். ஃபேன் கிறங்கிக் கிடந்தது, லைட் கிறங்கிக் கிடந்தது, கம்ப்யூட்டர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தவன் மாதிரி தெம்பாக ஓடிற்று. ‘பாத்தீங்களா,’ என்றார் மொதலாளி டி.வி.யைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ‘நம்ம சரக்கு. மாரப்பன் கையி சுத்துன காயிலு, நூத்தி நாப்பது வோல்ட்டுக்கு எறங்குனாலும் நிக்கும்.’ நிற்கும். அப்பா கை சுற்றினது நிற்காமல் என்ன செய்யும். ஊரில் எத்தனையோ பேர் அரைகுறையாகக் காயில் சுற்றுகிறார்கள், அவர்கள் பெண்கள் எல்லாம் சந்தோசமாக இருக்கிறார்கள்.

‘நாலு நிமிசம்.’ நாலு என்றால் இரண்டு பாக்கி. சரி, நாமே சொல்லிவிடலாம், ஓடி வருகிற மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துவது மாதிரி. எந்தக் குரலில் சொல்வது. அவள் தலைக்குள் எத்தனையோ குரல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பஸ் கண்டக்டர்: தப்பு செஞ்சவங்கல்லாம் எறங்கிக்கங்க, படில நிக்காதீங்க, ரைட். வானொலி: விவசாயப் பெருங்குடி மக்களே, நிலக்கடலையில் பூச்சியும் விளையாட்டில் மொதலாளியும் தென்பட்டால் கவலைப்பட வேண்டாம். பிலோமினா டீச்சர்: இது ஒழுக்கக்கேடு, ருக்குமணி, நாளை உன் தகப்பனாரை அழைத்து வா. அழைத்து வர வேண்டியதே இல்லை டீச்சர், கீழேதான் இருக்கிறார். தன் குரலிலேயே சொல்லிப் பார்க்கலாம் என்று தேடினாள். மொதலாளிங்க, அந்தப் பூதம் வந்துங்க, நீங்கதானுங்க. தன் குரல் எது என்று சட்டென்று பிடிபடவில்லை, அம்மா சாயலும் ஷாகுலண்ணன் இழுவையும் கலந்து என்னமோ வந்தது. வாயைத் திறந்தும்விட்டாள். ‘என்ன அம்மணி?’ என்றார் மொதலாளி, கடிகாரத்திலிருந்து நிமிர்ந்து, ரொம்ப பிரியமாக. ‘ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குக் காப்பி ஆறுதுங்க.’ அவர் எடுத்துக் குடித்தார். கோடுகள் இப்போது மஞ்சளும் நீலமுமாக ஓடின. டேப்பில் அந்தப் பூதம் இந்நேரம் எங்கே இருக்கும், பழுப்பு நாடாவில் எந்த விரற்கடையில், ஏறியிருக்குமா, ஏறிக்கொண்டே இருக்குமா. இந்தக் கீய்ய்யின் நடுவில் எங்கேயோ ஒரு இமைப்பொழுது மொதலாளியின் சத்தமாகத்தான் இருக்க வேண்டும், காதில் பிரித்துப் பார்க்க முடியவில்லை, முடிந்தால் அந்த இமைப்பொழுது மட்டும் இருமியிருப்பாள்.

சத்தம் நின்றது. ஃபேன் மறுபடி வேகம் பிடித்தது. ‘ஆறு நிமிசம் நாலு செகண்டு,’ என்று மொதலாளி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். அவரே விளையாடுவாராம். இறங்குகிற பட்டனை ஷாகுல் காட்டினான். திரையில் ஒரு சின்ன ஆள் வாளியோடு கிணற்றுக்குள் இறங்கினான், முதல் தட்டு, இரண்டாம் தட்டு. மொதலாளி ஒவ்வொரு தட்டுக்கும் தானும் கொஞ்சம் குனிந்தார். மூன்றாம் தட்டில் தண்ணீர் கலங்கி, பச்சையாகப் பூதம் தலையை நீட்டி, வாயைத் திறந்தது. அ, தா, வ, துங், க. மொதலாளியின் விரல் பட்டனிலேயே நின்றுவிட்டது. படிப்படியாக மாடி ஏறிற்று. அப்புறம் உச்சியிலிருந்து ஒரே விழுக்காடு. திரையில் அந்தச் சின்ன ஆள் செத்துப்போனான், யாரும் அவனைக் கவனிக்கவில்லை. ‘இந்தக் கொரல நான் எங்கயோ கேட்டிருக்கறனே,’ என்றார் மொதலாளி மெதுவாக. ‘எங்கயோ இல்லப்பா, தெனமும் கேக்கறனே.’ அவர் ஷாகுலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், பவுடர் கழுத்தில் கோடு கோடாக விழுந்தது. ‘அட, நம்ம சிங்காநல்லூர் மச்சான். அவன் பேசறதாட்டவே இருக்குது. இதே இழுப்பு, இதே அதட்டலு. அன்னைக்கு நம்ம ஊட்டு விசேசத்துல வந்து எல்லாத்தையும் நாட்டாமை பண்ணிட்டிருந்தானே, அதப் பாத்துப்போட்டயா அம்மணி?’ ‘ஆமாங்க,’ என்றது ருக்குமணியின் வாய், அவளைக் கேட்காமலேயே. வயிற்றுக்குள் அந்த வாளி ஒருவழியாகத் தண்ணீரைத் தொட்டது.

தொட்ட வாளியை மேலே இழுக்க விட்டால்தானே. மொதலாளிக்குச் சந்தோசம் வந்தால் அதை ஒருத்தராக வைத்துக்கொள்ளத் தெரியாது, மேசையிலிருந்த போனை இழுத்து சிங்காநல்லூருக்குச் சுழற்றினார். ‘மச்சான், ஒண்ணு கேளு, பேசாத, கேளு.’ ரிசீவரை டி.வி. பக்கம் நீட்டி, ‘தம்பி, பூதத்த வரச் சொல்லு’ என்றார். ஷாகுல் வரச் சொன்னான். பூதம் வந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உள்ளே போனது. மொதலாளி சிரித்துக்கொண்டே ரிசீவரைக் காதில் வைத்தார், ‘யாருன்னு தெரியுதா?’ என்றார், கேட்டார், சிரிப்பு பாதி முகத்தில் அப்படியே நின்றது. ‘ஏய், சும்மா வெளையாடாத,’ என்றார். மறுபடி கேட்டார். பிறகு ரிசீவரை மார்போடு பொத்திக்கொண்டு, முதல்முறையாகத் தன் வீட்டு நிலைக்கண்ணாடியில் வேறு யாரையோ பார்த்தவர் மாதிரி, ‘அவனில்லையாம், நான்தானாம்,’ என்றார். ஷாகுல் ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான், சுற்றி முடித்துப் பிரித்தான், மறுபடி சுற்றினான். மொதலாளி ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார். போகாதீங்க, போகாதீங்க. எட்டிப் பார்த்தார். ‘மாரப்பா,’ என்றார், ‘மேல வா.’

அப்பா வந்தார். வார்னிஷ் வாசம் முதலில் வந்தது, பிறகு செருப்பில்லாத கால், பிறகு செம்புக்கம்பித் துணுக்கு ஒட்டின கை. மகளைப் பார்க்கவில்லை. ‘நீ இருவத்திரண்டு வருசமா என்ற கூட இருக்கற,’ என்றார் மொதலாளி, ‘எனக்குப் பொய் சொல்ல மாட்ட. இதக் கேளு. இது நானா?’ பூதம் மூன்றாம் தடவையாக வந்தது. அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார், சுற்றி முடித்த டிரான்ஸ்ஃபார்மரில் முனகல் இருக்கிறதா என்று கேட்பாரே, அதே கேட்பு. மூன்று சுரம் தரையில் போனது, ஒன்று தாவிற்று, மாடிப்படி ஏறிற்று, கிணற்றில் விழுந்தது. அப்பா கண்ணைத் திறந்து கொஞ்சநேரம் யோசித்தார். ருக்குமணி அந்தக் கொஞ்சநேரத்தில் கணபதியிலிருந்து பள்ளிக்கூடம் போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

‘அதாவதுங்க,’ என்றார் அப்பா.

அ, தா, வ, தரையோடு தரை. துங், தாவல். க, கூரை. ஒரு நிறுத்தம். ‘நா என்ன சொல்றன்னா’, படிப்படியாக, செருப்பில்லாத அந்தக் காலில் செருப்புச் சத்தமே கேட்கிற மாதிரி, ‘உங்க கொரலு இன்னுங் கொஞ்சம் கனமா இருக்குமுங்க. இதுல அந்தக் கம்பீரம் எங்கீங்க இருக்குது.’ இன்னொரு நிறுத்தம். உச்சியிலிருந்து ஒரே விழுக்காடு: ‘புரியுதுங்களா.’ அப்பாவின் முகத்தில் ஒரு மயிர்க்கால் அசையவில்லை. இழுப்பு, தாவல், எதிராளி எச்சில் விழுங்கக் கொடுக்கிற அந்த இடைவெளி வரைக்கும் ஒன்றும் பிசகவில்லை, ருக்குமணி எழுதின எண்களில்கூட ஒன்று இரண்டு தப்பாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. மொதலாளி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், கேட்கக் கேட்க அவர் நெஞ்சு நிமிர்ந்தது. ‘அதான பாத்தேன்,’ என்றார். ரிசீவரை எடுத்தார். ‘மச்சான், கேட்டயா. என்ற ஆளே சொல்லிப்போட்டான். எனக்குக் கம்பீரம் சாஸ்தி. அது நீதான், பேசாம ஒத்துக்க.’ போனை வைத்துவிட்டு கேசட்டை அவரே வெளியில் எடுத்தார், சட்டைப்பையில் போட்டு மேலே தட்டிக்கொண்டார். ‘பூதம் அப்படியே இருக்கட்டும் அம்மணி. ஒரு புள்ளி மாத்தப்படாது. ஆயிரம் ஊட்டுல அவன் கத்தட்டும்.’

அவர் படியிறங்கிப் போனார், அப்பா பின்னால் போனார், ஏதோ பேசினதாகவே காட்டிக்கொள்ளாமல், போகிறபோது ஸ்டெபிலைசர் பிளக்கைக் குனிந்து ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு. ஷாகுல் மேசையில் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டான். ருக்குமணிக்கு மூச்சு எங்கெங்கிருந்தோ வந்தது, காலையிலிருந்து விடாமல் வைத்திருந்ததெல்லாம், விலா எலும்புக்கு அடியில் இத்தனை இடம் இருந்ததா என்று இருந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது, இங்கே சிரித்தால் கீழே கேட்கும், கேட்டால் எல்லாம் போச்சு. ஓடினாள், மொட்டைமாடிக்கு. தண்ணீர்த் தொட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அது சிமெண்டுத் தரையில் கொட்டுகிற சத்தத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள், பாவாடை நனைய, கண்ணிலிருந்து தண்ணீர் வர, வெயிலில் குந்திக்கொண்டு. சிரித்து ஓய்ந்து குழாயை மூடினபோதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. காயில் சுற்றுகிற மிசின். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். கம்பி ஏறினால் அது கரகரவென்று ஓடும். இது கரகரக்கவில்லை, வெறும் உருளை, கம்பியே மாட்டாமல், உச்ச வேகத்தில், அவளுடைய குழாயைப் போலவே ஊருக்கே கேட்கிற மாதிரி, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.